சிறையில் மறுவாழ்வுத் திட்டம்: மூன்று நாள் பயிற்சி முடிந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி இது: சிறைவாசிகளுக்கான சிந்தனைத் திறன் பயிற்சி ஒன்றைத் தொடங்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. வெளிநாட்டு ஆய்வுகளில் பலன் தந்த திட்டம். கையேடு வந்துவிட்டது, ஆறு பேருக்கு மூன்று நாள் பயிற்சியும் முடிந்துவிட்டது. அடுத்து என்ன, எங்கே சறுக்கும்?

அடுத்த மாதமே முதல் குழுவைத் தொடங்கி, படம் எடுத்து, செய்திக்குறிப்பு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் மேலிடத்தில் இருக்கும். மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். கையேடும் பயிற்சியும் மொத்த வேலையில் சிறு பங்குதான். அதற்குப் பிறகான மேற்பார்வைக்கு ஆளும் நேரமும் ஒதுக்க முடியாது என்றால் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல். கடுமையாகத் தெரியலாம், ஆனால் இதற்கு எண்கள் இருக்கின்றன.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1997இல் சிறார் நீதிமன்றங்களுக்காக ஒரு சட்டம் இயற்றி, ஆய்வில் பலன் நிரூபணமான திட்டங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் ஒன்று, சிறுவனோடு குடும்பத்தையும் உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சை. மாநிலத்தின் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2004இல் அதை மதிப்பிட்டது. சிகிச்சை பெறாத சிறார்களில் 27 சதவீதம் பேர் 18 மாதங்களுக்குள் மீண்டும் கடுங்குற்றம் செய்தார்கள். முறைப்படி செய்த சிகிச்சையாளர்களிடம் போனவர்களில் அது 17 சதவீதம். முறைப்படி செய்யாதவர்களிடம் போனவர்களில் 32 சதவீதம். எல்லோரிடமும் இருந்தது ஒரே கையேடு, எல்லோரும் பெற்றது ஒரே பயிற்சி. சராசரி எடுத்துப் பார்த்தால் திட்டம் ஏறக்குறைய பயனற்றது என்று தோன்றும். பிரித்துப் பார்த்ததால்தான், கெட்டது திட்டமல்ல, நடத்திய விதம் என்று தெரிந்தது. அதன் பிறகு அந்த மாநிலம் தரக் கண்காணிப்புக்கென்று தனி ஏற்பாடே செய்துகொண்டது.

கையேட்டைத் தங்கள் வசதிக்கு வெட்டிக்கொள்வது இன்னொரு வகைச் சறுக்கல். நியூயார்க்கின் குயின்ஸ்பரோ சிறையில் நடந்த கிரீன்லைட் திட்டம் இதற்குப் பாடமாகச் சொல்லப்படுவது. சிறு குழுக்களில், வாரத்துக்கு ஓரிரு அமர்வாக, மாதக்கணக்கில் நடத்த வேண்டிய பயிற்சியை விடுதலைக்கு முந்தைய எட்டு வாரங்களுக்குள் அடைத்தார்கள். ஒரு வகுப்பில் ஏறத்தாழ 26 பேர். கூடவே வேலை தேடல், வீடு, போதை விழிப்புணர்வு என்று எல்லாவற்றையும் திணித்தார்கள். 2006இல் வெளியான மதிப்பீட்டில், திட்டத்தில் இருந்தவர்கள் இல்லாதவர்களைவிட அதிகமாக மீண்டும் கைதானார்கள். பங்கேற்றவர்களோ திட்டத்தை விரும்பினார்கள், ஊழியர்களும் நம்பினார்கள். ஆகவே ‘சிறைவாசிகள் நல்ல கருத்துச் சொல்கிறார்கள்’ என்ற வரியை அறிக்கையில் சான்றாக வைக்காதீர்கள்.

இனி உங்கள் முதல் முடிவு: யாரைச் சேர்ப்பது? முதல் கோணல் முற்றும் கோணல் ஆவது இங்கேதான். மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு யாரிடம் அதிகமோ அவர்களுக்குத்தான் தீவிரமான பயிற்சி போக வேண்டும். வாய்ப்புக் குறைந்தவர்களை அதில் போட்டால் பலன் இல்லாததோடு, கெடுதலும் வரலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தின் இடைநிலை விடுதிகளில் (சிறைக்கும் வெளிவாழ்வுக்கும் நடுவே தங்க வைக்கும் இடங்கள்) பல ஆயிரம் பேரை வைத்து 2002இல் நடந்த ஆய்வில், அதிக அபாயப் பிரிவினருக்குப் பல விடுதிகள் நன்மை செய்தன. அதே விடுதிகள் குறைந்த அபாயப் பிரிவினரின் மறுகுற்ற விகிதத்தை உயர்த்தின. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. வேலை, குடும்பம், நல்ல சேர்க்கை என்று அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தவற்றை விடுதி அறுத்தது. அதோடு முதிர்ந்த குற்றவாளிகளோடு மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வைத்தது.

நம் சிறைகளில் இதற்கு நேர் எதிராகத்தான் சேர்க்கை நடக்கும் என்று எதிர்பாருங்கள். பிளாக்கில் பெயர் கேட்டால் காவலர்கள் தருவது நன்னடத்தை உள்ள ஆயுள் தண்டனைக் கைதிகளின் பட்டியல். சொல் பேச்சுக் கேட்பார்கள், நேரத்துக்கு வருவார்கள், வெளியே போகாததால் வகுப்பை முடிப்பார்கள். நிலத்தகராறிலோ குடும்பச் சண்டையிலோ ஒரே ஒரு கொலை செய்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உள்ளே இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் மிகக் கடுமையானது, ஆனால் அவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் குறைவு. குற்றத்தின் கடுமை வேறு, மறுகுற்ற அபாயம் வேறு. வழிப்பறி, வீடு புகுந்து திருட்டு என்று 19 வயதிலிருந்து உள்ளேயும் வெளியேயுமாக இருக்கும் 26 வயதுக்காரர் அதிக அபாயம் உள்ளவர். அவர் வகுப்பில் தகராறு செய்வார், பாதியில் ஜாமீனில் போவார். திட்டம் அவருக்காகத்தான்.

அபாயத்தை அளக்க ஒரு கருவி வேண்டும். கனடாவில் உருவான எல்.எஸ்.ஐ.-ஆர். உலகெங்கும் பரவலாகப் புழங்குகிறது: 54 கேள்விகள், பத்துத் தலைப்புகள். குற்ற வரலாறு, கல்வி-வேலை, பணநிலை, குடும்பம், இருப்பிடம், ஓய்வுநேரம், சேர்க்கை, மது-போதை, மனநிலை, மனப்போக்கு. இதை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் யோசியுங்கள். கனடாவின் மதிப்பெண் எல்லைகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. இருப்பிடம், பணநிலை போன்ற கேள்விகள் இங்கே ஏழையை ஏழை என்பதற்காகவே ‘அதிக அபாயம்’ ஆக்கிவிடலாம். நேர்காணல் எடுக்கத் தனித் திறமையும் வேண்டும். அந்தத் திறமை இன்னும் உங்களிடம் இல்லையென்றால் எளிய வழியில் தொடங்குங்கள். இங்கிலாந்தில் ஓ.ஜி.ஆர்.எஸ். என்ற கணக்கீடு வயது, பாலினம், பழைய குற்ற வரலாறு ஆகியவற்றை வைத்தே ஒருவரை வரிசைப்படுத்துகிறது. இவை உங்கள் பதிவேட்டிலேயே இருப்பவை. இப்போதைய வயது, முதல் சிறை நுழைவின்போது இருந்த வயது, இதுவரை எத்தனை தனித்தனி நுழைவு, எத்தனை தண்டனை என்று நான்கு பத்திகளை நிரப்பினாலே ஒரு முதல்நிலை வரிசை கிடைக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. காவல்துறை போட்ட வழக்குகளின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேக வழக்கு, நன்னடத்தைப் பிணைய வழக்கு, குண்டர் சட்டக் காவல் எல்லாம் ஒரு ஆளின் நடத்தையைவிட அந்தக் காவல் நிலையத்தின் பழக்கத்தைத்தான் அதிகம் காட்டும். தண்டனையை ஒரு கணக்கிலும் நுழைவை இன்னொரு கணக்கிலும் வையுங்கள்.

எந்தக் கருவியானாலும் தொடங்குவதற்கு முன் 30 கோப்புகளை எடுத்து, இரண்டு அலுவலர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் மதிப்பெண் போடட்டும். ஒரே ஆளுக்கு ஒருவர் ‘குறைவு’ என்றும் மற்றவர் ‘அதிகம்’ என்றும் போட்டிருந்தால், அது கருவியின் கோளாறா பயிற்சியின் கோளாறா என்று உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். இன்னொன்று, ‘மதிப்பெண் இப்படி வந்தாலும் எனக்குத் தெரியும், இவன் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று அலுவலர் பிரிவை மாற்றுவது. அதற்கு இடம் கொடுங்கள், ஆனால் காரணத்தை எழுத வையுங்கள். பத்தில் ஒருவருக்கு மேல் இப்படி மாறினால் நீங்கள் கருவியைப் பயன்படுத்தவில்லை, அதற்குப் படிவம் நிரப்புகிறீர்கள் என்று பொருள்.

எதை மாற்ற முயல்வது என்பதிலும் தெளிவு வேண்டும். மறுகுற்றத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவை குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணங்கள், குற்றச் சேர்க்கை, தன்னடக்கமின்மை, போதை, வேலையின்மை, குடும்பச் சிக்கல் முதலியவை. தன்னம்பிக்கை வளர்ப்பு, ஊக்க உரை, பொதுவான நீதிபோதனை ஆகியவை தனியாக மறுகுற்றத்தைக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை. பயமுறுத்தல் அதைவிட மோசம். 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் பிரபலமான, சிறுவர்களை உள்ளே கூட்டிப்போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டும் முறை, பின்னர் சீட்டுக் குலுக்குவது போல ஆட்களைப் பிரித்து ஒப்பிட்ட சமவாய்ப்புச் சோதனைகளில் குற்றத்தைக் கூட்டியதாகவே தெரிந்தது. யோகா, இசை, தோட்டவேலை எல்லாம் சிறை வாழ்வை மனிதத்தன்மையாக்குகின்றன. அந்தக் காரணத்துக்காக அவற்றை நடத்துங்கள், மறுகுற்றத்தைக் குறைக்கும் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது அளவு. கனடாவில் ஒன்டாரியோவின் ரிடோ சிறையை வைத்து 2005இல் வெளியான ஆய்வு 100, 200, 300 மணி நேரத் திட்டங்களை ஒப்பிட்டது. நடுத்தர அபாயமும் குறைந்த தேவைகளும் (போதை, வேலையின்மை போன்ற, மாற்ற வேண்டிய சிக்கல்கள்) கொண்டவர்களுக்கு 100 மணி நேரம் போதும் என்று தெரிந்தது. அபாயமோ தேவைகளோ அதிகமானால் 200, இரண்டும் அதிகமானால் 300 மணி நேரமும் போதாமல் போகலாம். இதை உங்கள் கால அட்டவணையில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேர அமர்வு, வாரம் நான்கு நாள் என்றால் வாரத்துக்கு ஆறு மணி நேரம். 200 மணி நேரத்துக்கு 33 வாரம். நீதிமன்றத் தேதி, நேர்காணல் நாள், திடீர்ச் சோதனை, மேலதிகாரி வருகை என்று ஐந்தில் ஒரு அமர்வு ரத்தானால் 42 வாரம். ஆகவே குழு தொடங்கும் நாளிலிருந்து ஓராண்டாவது உள்ளே இருப்பவர்களைத்தான் இந்தக் குழுவில் சேர்க்க முடியும். விடுதலைத் தேதியைப் பார்க்காமல் சேர்த்தால் பாதிக் குழு கரைந்துவிடும். தேதியைக் கணக்கிடும்போது தண்டனைக் குறைப்பையும் சேர்த்துக் கணக்கிட மறக்காதீர்கள்.

ஒரு அமர்வு எப்படி இருக்க வேண்டும்? குழுவில் எட்டு முதல் பத்துப் பேர், நடத்துநர் இருவர். 90 நிமிடத்தில் விசாரிப்புக்கு 10, கடந்தமுறை கொடுத்த பயிற்சியைப் பார்க்க 20, புதிய திறனை விளக்க 15, நடத்துநர்கள் இருவரும் அதை நடித்துக்காட்ட 10, சிறைவாசிகள் ஒவ்வொருவராக நடித்துப் பார்க்க 30, அடுத்த பயிற்சியைக் கொடுக்க 5 நிமிடம். அந்த 30 நிமிடம்தான் சிகிச்சை. மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு. நடைமுறையில் முதலில் காணாமல் போவதும் அதுவே. கூச்சம் ஒரு காரணம். நடத்துநருக்கே நடித்துக்காட்ட வெட்கம் என்பது பெரிய காரணம். விளக்கவுரை 15 நிமிடத்திலிருந்து 50 நிமிடமாக நீளும், குழு தலையாட்டும், எல்லோருக்கும் நிறைவாக இருக்கும், ஒன்றும் மாறாது.

நடிப்புக்கான சூழலைக் கையேட்டிலிருந்து எடுக்காதீர்கள். வெளிநாட்டு மதுக்கூடத்தில் நடக்கும் தகராறு இங்கே எடுபடாது. பழைய கூட்டாளி பேருந்து நிலையத்தில் வந்து நின்று ‘ஒரே ஒரு வேலைதான் மச்சான், நீ வண்டியை மட்டும் ஓட்டு’ என்று கேட்கிறான். விடுதலையான மூன்றாம் நாள் தெருவில் ஒருவர் எல்லோர் முன்னாலும் ‘திருட்டுப்பய’ என்கிறார். கடன்காரர் வீட்டு வாசலில் அம்மாவை அவமானப்படுத்துகிறார். இப்படி எடுங்கள். அந்த நொடியில் மனதில் ஓடும் எண்ணம் என்ன, அது எங்கே கொண்டுபோகும், அதற்குப் பதில் எந்த எண்ணத்தை வைக்கலாம், வாயால் என்ன சொல்வது, கால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று படிப்படியாகச் செய்ய வேண்டும். ஒருமுறை செய்தால் போதாது. எளிதான சூழலில் ஒன்று, கோபம் கூடிய சூழலில் இன்னொன்று என்று ஒவ்வொருவரும் இரண்டு சுற்றாவது நடிக்க வேண்டும்.

இடம்: கதவு மூடக்கூடிய அறை, வட்டமாக நாற்காலிகள். காவலர் கண்ணில் படும் தூரத்தில் இருக்கலாம், காதில் விழும் தூரத்தில் கூடாது. உள்ளே பேசியது மாலையில் பிளாக்கில் கிண்டலாகத் திரும்பி வந்தால் அடுத்த நாளிலிருந்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நேரத்தைக் கேன்டீன், தொலைபேசி, சம்பள வேலை ஆகியவற்றோடு மோதவிடாதீர்கள். வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலை இருந்தால், வராதவரைக் குறைசொல்ல முடியாது.

இப்போது மேற்பார்வை. இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் மேலதிகாரிக்குக் காட்ட முடியும் என்றால் இதைக் காட்டுங்கள். கனடாவில் முதலில் மனிடோபா மாகாணத்தின் நன்னடத்தை அலுவலர்கள் (சிறைக்கு வெளியே இருக்கும் குற்றவாளிகளைக் கண்காணிப்பவர்கள்) தங்கள் பொறுப்பில் இருப்பவர்களோடு பேசுவதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். குற்றத்துக்கு ஆதரவான எண்ணங்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே இருந்தது. நிபந்தனைகளைச் சரிபார்ப்பதில் அதிக நேரம் போனவர்களிடம் மறுகுற்றம் அதிகமாக இருந்தது. 2008இல் வந்த இந்த முடிவின் மேல் ஸ்டிக்ஸ் என்ற பயிற்சியை ஜேம்ஸ் பான்டா குழுவினர் கட்டினார்கள். மூன்று நாள் பயிற்சியோடு நிறுத்தாமல், மாதாமாதம் சிறு குழுக் கூட்டம், ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் திருத்தம் சொல்லுதல், ஓராண்டுக்குப் பின் மறுபயிற்சி என்று வைத்தார்கள். அலுவலர்களைச் சீட்டுக் குலுக்குவது போலச் சமவாய்ப்பாகப் பிரித்து ஒப்பிட்ட 2011 ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் பொறுப்பில் இருந்தோரில் இரண்டாண்டு மறுகுற்றம் 25.3 சதவீதம், மற்றவர்களிடம் 40.5 சதவீதம். ஆட்களின் எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் பயிற்சிக்குப் பிந்தைய கூட்டங்களை ஒழுங்காகப் பயன்படுத்திய அலுவலர்களிடமே திறன் அதிகம் வெளிப்பட்டது என்பது கவனிக்க வேண்டியது.

உங்கள் ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி போதும், ஆனால் அவருக்கு வேறு வேலை பாதியாவது குறைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு நடத்துநரின் ஒரு அமர்வையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் கேட்கட்டும். முழுவதும் வேண்டாம், நடித்துப் பார்க்கும் பகுதியிலிருந்து 20 நிமிடம். நடத்துநர் தானே செய்துகாட்டினாரா, எத்தனை பேர் நடித்தார்கள், நன்றாகச் செய்ததை உடனே குறிப்பிட்டுப் பாராட்டினாரா, தவறான பேச்சை அவமானப்படுத்தாமல் மறுத்தாரா, யார் அதிக நேரம் பேசினார் என்று ஐந்தாறு வரிகளில் மதிப்பெண். ஒரு வாரத்துக்குள் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே ஒரு குறையை மட்டும் திருத்தச் சொல்ல வேண்டும். இந்த மதிப்பெண் பதவி உயர்வுக் கோப்புக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் பதிவுக்கருவி அடிக்கடி ‘பழுதாகும்’.

ஒலிப்பதிவு என்றதும் சிறைக்குள் முதல் எதிர்ப்பு வாயிலில் வரும். முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். சிம் கார்டோ இணையத் தொடர்போ இல்லாத தனிப் பதிவுக்கருவி, அதன் எண் வாயில் பதிவேட்டில், நினைவட்டை வழிகாட்டியின் பூட்டில், இத்தனை நாளில் அழிக்கப்படும் என்ற விதி. சிறைவாசியிடம் சம்மதம் கேட்கும்போது, மறுத்தாலும் வகுப்பில் இருக்கலாம் என்று சொல்லுங்கள். தீராத வழக்குகளைப் பற்றி யாரும் பெயர், இடம், தேதி சொல்லக்கூடாது என்பதை முதல் நாளே குழு விதியாக்குங்கள். அனுமதி கிடைக்கவே கிடைக்காது என்றால், வழிகாட்டி நேரில் உட்கார்ந்து பார்ப்பது அடுத்த வழி. பார்க்கிறார் என்று தெரிந்தால் எல்லோரும் கொஞ்சம் நடிப்பார்கள், பரவாயில்லை.

நடத்துநராக யாரைத் தேர்ந்தெடுப்பது? உளவியல் பட்டதாரி கட்டாயமல்ல. சிகாகோவில், குக் கவுன்டியின் சிறார் காப்பகத்தில், தினசரிக் குழு அமர்வுகளைப் பயிற்சி பெற்ற காப்பக ஊழியர்களே நடத்தினார்கள். 2017இல் வெளியான ஆய்வு, மீண்டும் காப்பகத்துக்கு வருவது 21 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. காவலர்களில் பொறுமையாகப் பேசுபவர் யார் என்று சிறைவாசிகளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நியமனத்துக்கு முன் பத்து நிமிடம் ஒரு சூழலை நடித்துக்காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படுவது பிரச்சினையல்ல. ‘இவனுங்க திருந்தவே மாட்டானுங்க’ என்பவரை மட்டும் விட்டுவிடுங்கள், வற்புறுத்தி மாற்ற வேண்டாம். இடமாறுதல் வந்தே தீரும். ஆறு பேர் வேண்டுமானால் எட்டுப் பேரைப் பயிற்றுவித்து, குழு நடந்துகொண்டிருக்கும்போது மாற்றமாட்டோம் என்று ஒரு கடிதமாவது வாங்கி வையுங்கள்.

கணக்குக்கு வருவோம். இருவர் சேர்ந்து காலையில் ஒரு குழு, மதியம் ஒரு குழு என்று நடத்தினால், ஆறு பேர் ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கலாம். மீண்டும் சிறைக்கு வருவோர் 30 சதவீதம், திட்டம் அதை 24 ஆகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல திட்டத்துக்கு இது நியாயமான எதிர்பார்ப்பு. இந்த வித்தியாசம் தற்செயலானதல்ல என்று புள்ளியியல் வழக்கப்படி காட்ட, திட்டத்தில் ஏறத்தாழ 850 பேரும் வெளியே 850 பேரும் தேவை. உங்கள் வேகத்தில் 14 ஆண்டுகள் ஆகும். ஆகவே ‘முதல் ஆண்டிலேயே மறுகுற்றம் பாதியாகக் குறைந்தது’ என்று எந்தச் சிறை சொன்னாலும், பெரும்பாலும் அங்கே எண்ணியது தவறு. வழக்கமான தவறு, முடித்தவர்களை மட்டும் எண்ணுவது. பாதியில் போனவர்கள் பொதுவாக அதிக அபாயம் உள்ளவர்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மீதமிருப்பவர்கள் எப்படியும் நன்றாகவே தெரிவார்கள். சேர்ந்த எல்லோரையும் எண்ணுங்கள்.

சதவீதங்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். சிறைக் கல்வி மறுகுற்றத்தை 43 சதவீதம் குறைக்கிறது என்ற செய்தி அடிக்கடி வரும். அது அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013 தொகுப்பாய்விலிருந்து வந்தது. அங்கே 43 என்பது வாய்ப்பு விகிதத்தில் (மீண்டும் குற்றம் செய்தோரைச் செய்யாதோரால் வகுத்து ஒப்பிடும் கணக்கு) உள்ள குறைவு. சாதாரணக் கணக்கில் அது 13 சதவீதப் புள்ளிகள். அதுவே நல்ல பலன்தான், ஆனால் 43 என்று வாக்குறுதி கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் முறைப்படி நடந்தும் தோற்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கான முதன்மைத் திட்டம் அங்கீகாரம், கையேடு, தணிக்கை எல்லாவற்றோடும் 1990களின் தொடக்கத்திலிருந்து நடந்தது. நீதித்துறை அமைச்சகம் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டில், சிகிச்சை பெற்ற 2,562 பேரை 13,219 பேரோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம் பேர் மீண்டும் பாலியல் குற்றம் செய்தார்கள், பெறாதவர்களில் 8 சதவீதம். திட்டம் கைவிடப்பட்டு வேறு திட்டங்கள் வந்தன. குற்றத்தைக் குழுவில் விரிவாக விவரிக்க வைத்ததுதான் காரணமா என்பது இன்றும் விவாதம். தோல்வி தெரியவந்ததற்கு, யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்ற பதிவு பல ஆண்டுகளாகக் கலையாமல் இருந்தது ஒரு காரணம். முதல் நாளிலிருந்து நீங்களும் அந்தப் பதிவை வையுங்கள்: தகுதியுடையோர், அழைக்கப்பட்டோர், மறுத்தோர், சேர்ந்தோர், ஒவ்வொருவரும் பெற்ற மணி நேரம்.

விடுதலைக்குப் பிந்தைய ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முக்கியமில்லை என்பதால் அல்ல, அது தனிப் பதிலுக்கான பொருள் என்பதால். ஹெராயின் போன்ற அபினி வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்கு மட்டும் சான்று மிகத் தெளிவு. இங்கிலாந்தின் 39 சிறைகளில் நடந்த ஆய்வில் (2017), போதைக்கு மாற்றாகத் தரும் மருந்துகளான மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ பெற்றுக்கொண்டே விடுதலையானவர்களிடம் முதல் நான்கு வார மரணம் 75 சதவீதம் குறைவு. தில்லியின் திகார் சிறையில் 2008இலேயே இந்த மாற்று மருந்துச் சிகிச்சை தொடங்கியது. கஞ்சாவுக்கு இது பொருந்தாது. ஊசி, வலிநிவாரண மாத்திரைப் பழக்கம் உள்ளவர்களை நுழைவு மருத்துவப் பரிசோதனையிலேயே கண்டுகொள்ள வேண்டும். விடுதலை நாளன்று வெளி மையத்தின் முகவரியும் சந்திப்புத் தேதியும் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, நம் நாட்டுக்கே உரிய சிக்கல். 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைவாசிகளில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை தண்டனை பெற்றவர்களை வைத்து நடந்தவை. விசாரணைக் கைதி நாளையே ஜாமீனில் போகலாம், 200 மணி நேரத் திட்டம் அவருக்கு ஆகாது. அவர் சட்டப்படி குற்றமற்றவர், ‘உன் குற்றத்தைப் பற்றிப் பேசு’ என்று குழுவில் கேட்பது அவருடைய வழக்கையே பாதிக்கும். அவர்களுக்கு ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளை வடிவமையுங்கள்: கோபம், கூட்டாளி அழைப்பை மறுத்தல், பிரச்சினையைப் படிப்படியாகத் தீர்த்தல். எந்த நாளிலும் சேரலாம், எந்த நாளிலும் போகலாம். இதற்கு நீண்ட திட்டத்தின் பலனை எதிர்பார்க்காதீர்கள், அறிக்கையிலும் இரண்டையும் கலக்காதீர்கள். குறுகிய தண்டனைக்காரர்களுக்கு, உள்ளே தொடங்கியதை வெளியே நன்னடத்தை அலுவலர் தொடர்வதுதான் ஒரே வழி. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவும் சிறைத்துறையின் கீழேயே இருப்பதால், எட்டுப் பேர் பயிற்சிப் பட்டியலில் அவர்களில் இருவரைச் சேர்ப்பது எளிது.

முதல் மூன்று மாதத்தில் கோப்புகளைப் பார்த்து வரிசைப்படுத்துதல், 30 கோப்புச் சோதனை, பதிவுக்கருவி அனுமதி, அறை. நான்காம் மாதம் ஒரே ஒரு குழு. வழிகாட்டியின் மதிப்பெண்ணில் இரண்டு முறை தொடர்ந்து நடிப்புப் பகுதி இல்லை என்று வந்தால், அந்தக் குழுவை ஒரு வாரம் நிறுத்தி நடத்துநர்களைத் திரும்பப் பயிற்றுவியுங்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு மற்றக் குழுக்கள். முதல் ஆண்டறிக்கையில் சேர்ந்தோரில் அதிக அபாயப் பிரிவினர் எத்தனை சதவீதம், திட்டமிட்ட அமர்வுகளில் நடந்தவை எத்தனை, ஒருவருக்குக் கிடைத்த சராசரி மணி நேரம், பாதியில் போனவர்களும் காரணமும், கேட்கப்பட்ட ஒலிப்பதிவுகள், அவற்றின் மதிப்பெண் ஆகியவற்றைக் கொடுங்கள். மீண்டும் சிறைக்கு வந்தோர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆனவர்கள் சேர்ந்த பிறகு நிரப்பப்படும் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கட்டத்தை இப்போதே நிரப்பச் சொல்லி மேலிடம் கேட்டால், 850 பேர் கணக்கைக் காட்டுங்கள்.